ஏழாம் படுக்கையின் ‘ஆமாம்’

டமார் என்று ஒரு சத்தம். ஸ்டீல் தட்டு ஒன்று தரையில் விழுந்து, சுழன்று சுழன்று ஊரைக் கூட்டி, எட்டாம் படுக்கையின் காலில் முட்டிக்கொண்டு அடங்கியது. பெண்கள் ஆபரேஷன் வார்டு மொத்தமும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

சிஸ்டர் மட்டும் திரும்பவில்லை. கோடியிலிருந்த படுக்கையில் ஒரு பெண்ணுக்கு நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். முழுதும் இறங்கி, பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கச் சொன்ன பிறகுதான் ஓடினாள்.

வார்டில் அவளுக்கு ‘மெயில் வண்டி’ என்று பெயர். சின்ன ஸ்டேஷன்களில் நிற்க மாட்டாளாம். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது எட்டாம் படுக்கை டீச்சர். பித்தப்பையை எடுத்துவிட்டு, வாயை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பவர். பெயர் சிஸ்டரின் காதுக்கும் வந்தது. கோபித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. இன்றைக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை. கூட இருக்க வேண்டிய இன்னொரு சிஸ்டர் காய்ச்சல் என்று காலையில் போன் செய்துவிட்டாள். வார்டு மொத்தமும் இவள் ஒருத்தியின் தலையில்.

தட்டு விழுந்தது ஏழாம் படுக்கையில். சூப் தரையெல்லாம் ஓடியிருந்தது. கட்டிலில் ஓர் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அவருடைய மகன் மண்டியிட்டு, தன் கைக்குட்டையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கை தவறிவிட்டது, மன்னிச்சிடுங்க என்றான். அம்மா வேண்டாம் என்று தள்ளினாரா, தானாக விழுந்ததா என்று சிஸ்டர் கேட்டாள். தானாகத்தான் என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல்.

அந்த அம்மா வேறு ஊர், வேறு பாஷை. மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார். வழியிலேயே வயிற்றுவலி. மகன் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் நேரே இங்கேதான் கொண்டுவந்தான். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது. அன்றைக்கே வயிற்றைத் திறந்து எடுத்துவிட்டார்கள். வந்த காரியம் இன்னும் ஆகவில்லை. பேரன் வீட்டில், பாட்டி வார்டில்.

இங்கே அவருடைய பாஷை ஒருத்தருக்கும் தெரியாது. மகனுக்குத் தெரியும். அவன் இந்த ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக். மருமகள் இந்த ஊர்ப் பெண், பச்சை உடம்புக்காரி, மாமியாரோடு பேச அவளுக்கும் பாஷை கிடையாது. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை வளைத்து, ஹெட் சிஸ்டரிடம் மல்லுக்கு நின்று, பகல் நேரத்திலாவது மகனைப் பக்கத்தில் உட்கார வைத்தது சாட்சாத் நம்முடைய சிஸ்டர்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாடியைப் பிடித்துப் பார்த்தாள். நேற்றைவிட வேகமாக ஓடியது. விழுந்த தட்டின் அதிர்ச்சியாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, படுக்கையின் கால்மாட்டில் நின்றபடி வழக்கமான கேள்விகளை வீசினாள். கண் அடுத்த படுக்கையின் குளுக்கோஸ் பாட்டிலில் இருந்தது.

“தம்பி, அம்மாவுக்குக் காத்து பிரிஞ்சுதா, வெளிக்கிப் போனாங்களா, குமட்டல் கிமட்டல் இருக்கா, கேட்டுச் சொல்லு.”

வயிற்றைத் திறந்து மூடியவர்களுக்குக் குடல் கொஞ்ச காலம் தூங்கும். அது கண் விழித்துவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் காற்று பிரிவதுதான். வெளியில் மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கிற சமாசாரம், இந்த வார்டில் மட்டும் சிரித்த முகத்தோடு வரவேற்கப்படும். அது வந்தால்தான் சூப்பைத் தாண்டிச் சாப்பாடு. அது வந்தால்தான் வீடு.

மகன் அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். அம்மாவின் முகம் திரும்பியது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஜன்னல் ஓரமாக வைத்திருந்த பையை ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாகத் தலையாட்டினார்.

ஆமாமாம், எல்லாம் நல்லா இருக்காம் என்றான் மகன். மெயில் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டது.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அவர் பின்னால் ஹெட் சிஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். காரணம் வெளியே வராந்தாவில் இருந்தது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஒரு காலேஜ் பெண் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கிடந்தாள். மண்ணீரலில் அடி. ஆபரேஷன் முடிந்ததும் படுக்க அவளுக்கு ஒரு கட்டில் வேண்டும். வார்டில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. அந்தப் பெண்ணின் அப்பா சுவரில் சாய்ந்து நின்று, போகிற வருகிற வெள்ளை உடை எல்லாவற்றையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“யாரை அனுப்பலாம்?” என்றார் பெரிய டாக்டர்.

அவருடைய கண் ஏழாம் படுக்கையில் நின்றது. அந்த அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருந்தார். டாக்டர் விலக்கப் போனார், பிடி இறுகியது. பக்கத்தில் மகன் வேறு நின்றுகொண்டிருந்தான். சரி சரி என்று போர்வைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். குடல் சத்தம் கேட்கிறது என்றார். காற்று பிரிந்ததா என்று திரும்பிக் கேட்டார்.

“பிரிஞ்சாச்சு சார்,” என்றாள் சிஸ்டர். குரலில் ஒரு துளி சந்தேகமும் இல்லை.

அப்படியானால் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், கொஞ்ச நாள் கழித்துத் தையல் பிரிக்க வரட்டும் என்று சொல்லிவிட்டு அவர் தியேட்டருக்குப் போய்விட்டார். ஹெட் சிஸ்டரின் முகம் இறங்கி வந்தது. இந்த விஷயத்தை மகனுக்குச் சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மா எழுந்து உட்காரவே முயற்சி செய்தார். பாதியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்படியே மெல்லச் சரிந்தார். மகன் அதைப் பார்க்கவில்லை. பையின் ஜிப்பைச் சரி பார்த்துக்கொண்டிருந்தான்.

சிஸ்டர் பார்த்தாள்.

பார்த்தும் போய்விட்டாள். மூன்றாம் படுக்கையில் டியூப் கழன்றிருந்தது, ஐந்தாம் படுக்கை அழுதுகொண்டிருந்தது, போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் மனசில் ஏதோ ஒன்று செருப்பில் ஏறிய சிறு கல்லைப் போல உறுத்திக்கொண்டே வந்தது.

எட்டாம் படுக்கை டீச்சருக்கு மாத்திரை கொடுக்க வந்தபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மெயிலு, கொஞ்சம் நில்லு. பக்கத்துப் படுக்கை ராத்திரியெல்லாம் தூங்கல. சுவத்தைப் பாத்து முனகிட்டே இருந்துச்சு. பையன் வந்ததும் சிரிக்குது. எனக்கென்னமோ சரியாப் படல.”

வலியாக இருக்கும் டீச்சர் என்றாள் சிஸ்டர். வலி என்றால் மருந்து கொடுத்து அனுப்பலாம். ஏழாம் படுக்கைக்குத் திரும்பி, மகனிடம் அம்மாவுக்கு வலி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். இந்தத் தடவை கண்ணை எங்கும் ஓட்டவில்லை. அவன் குனிந்து சொல்வதையும், அம்மாவின் முகத்தையும் பார்த்தபடி நின்றாள்.

அவன் சொன்னான். கண்ணில் அதே வெளிச்சம். பையை அதே பார்வை. வேகமாக அதே தலையாட்டல்.

“வலி இல்லையாம் சிஸ்டர்,” என்றான் மகன்.

சரி என்று திரும்பி நடந்தவள், மருந்து வண்டிக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றாள்.

காற்று பிரிந்ததா என்றால் ஆமாம் என்று தலையாட்டல். வலி இருக்கிறதா என்றாலும் ஆமாம் என்று தலையாட்டல். அப்புறம் இவன் எப்படி ‘இல்லையாம்’ என்கிறான்? அது போகட்டும், வலி இருக்கிறதா என்று கேட்டால் எந்த அம்மாவாவது பையைப் பார்ப்பாளா?

அவளுக்கு மாமனார் ஞாபகம் வந்தது. மூல வியாதியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முதுகுவலி முதுகுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷர். வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருக்கிறாள், தினமும் கேட்கிறாள். அவளும் முதுகுக்கு விதவிதமாகத் தைலம் வாங்கிக் கொடுத்தாள். மருமகளிடம் போய் அதைச் சொல்வார்களா? கடைசியில் ரத்தம் போக ஆரம்பித்து, யாருக்கும் தெரியாமல் வேறு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

மருமகளிடம் சொல்ல முடியாது. மகன் மட்டும் அம்மாவிடம் கேட்டுவிடுவானா?

சிஸ்டர் திரும்பி மகனைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் நீயே கேள் நீயே சொல் என்று விட்டது யார்?

ஹெட் சிஸ்டர் வாசலில் நின்று, ஏழாம் நம்பர் கிளம்பியாச்சா என்று கேட்டார். ஸ்கூட்டர் பெண்ணைத் தியேட்டருக்கு ஏற்றியாகிவிட்டது, முடித்து வரும்போது கட்டில் தயாராக இருக்க வேண்டும் என்றார். இதோ என்று சிஸ்டர் சொன்னாள். நேரே ஏழாம் படுக்கைக்குப் போய், மருந்துச் சீட்டை மகன் கையில் திணித்து, கீழே மருந்துக் கடையில் வாங்கி வரச் சொன்னாள். அவன் துள்ளிக் குதித்து ஓடினான். அவன் முதுகு கதவுக்கு வெளியே மறைந்ததும் நாலா பக்கமும் திரையை இழுத்து மூடினாள்.

முதல் தடவையாக அந்த அம்மாவும் அவளும் தனியாக இருந்தார்கள். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தலைமாட்டில் உட்கார்ந்தாள். அந்த வார்டில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பாஷை இல்லை. கை இருக்கிறது. தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். விரலால் வட்டம் போட்டு, வளைத்து வளைத்துக் கீழே கொண்டுபோய், கையை விரித்துக் காற்றில் விட்டாள். அந்த அம்மா மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி. கன்னத்தை உப்பிக் காட்டினாள். அந்த அம்மாவும் பதிலுக்குக் கன்னத்தை உப்பினார். கழிவறைப் பக்கம் கைகாட்டி, புருவத்தை உயர்த்தினாள். போக வேண்டுமா என்று கேட்பதாக நினைத்து, வேண்டாம் என்று அந்த அம்மா கையசைத்தார்.

மருந்துக் கடையில் கூட்டமே இல்லாவிட்டால் அவன் இப்போது திரும்பிவிடுவான். கூச்சம் நாச்சம் பார்க்க நேரமில்லை. சிஸ்டர் புறங்கையை உதட்டில் அழுத்தி வைத்துக்கொண்டு, மூச்சைக் கட்டி ஊதினாள்.

புர்ர்ர்ர்ர்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வார்டு கப்சிப்பென்று ஆகிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல் மட்டும் பவ்யமாக வந்தது.

“சிஸ்டர், சத்தியமா அது நானில்ல.”

ஏழாம் படுக்கை அம்மாவின் கண் அகலமாக விரிந்தது. போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். மறுவிநாடி சிரிப்பு வலியில் மாட்டிக்கொண்டது. முகம் சுருங்க, சிஸ்டரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலி தணியும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

சிஸ்டர் மறுபடியும் வயிற்றைக் காட்டினாள், புருவத்தை உயர்த்தினாள். வந்ததா?

அந்த அம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை. ஒரு கையை மூடி, அந்த மூடின கையை இன்னொரு கையால் பொத்திக் காட்டினார். சாத்திக் கிடக்கிறது. ஒன்றுமே இல்லை.

பிறகு ஒரு காரியம் செய்தார். கதவுப் பக்கம் காதைக் கொடுத்து, மகன் வரவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டை உருவி எடுத்தார். நாலாக மடித்து ஒளித்து வைத்திருந்த துண்டு. பிரித்தால் பச்சை நிறத்தில் ஈரம். வாந்தி. ஒரு தடவை எடுத்த வாந்தி இல்லை.

போர்வையைத் தானே விலக்கினார். சிஸ்டரின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தார். வயிறு முரசு மாதிரி விறைத்து நின்றது.

திரை சரக்கென்று விலகியது. ஹெட் சிஸ்டர். அவர் பின்னால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வார்டு ஆள்.

“என்னம்மா நடக்குது இங்க? வார்டுன்னு நெனச்சியா, வேற ஏதாவதுன்னு நெனச்சியா?”

சிஸ்டர் எழுந்து நின்றாள். இந்த அம்மா எங்கேயும் போகவில்லை என்றாள். குடல் அடைத்திருக்கிறது, வாந்தி எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள் என்றாள். ஹெட் சிஸ்டர் தொட்டுப் பார்த்தார். பழைய கை. வைத்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் விடவில்லை. நீதானே காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அடித்துச் சொன்னாய், டாக்டருக்கு யார் பதில் சொல்வது என்றார்.

“நான்தான் சொல்லணும். அண்ணே, அந்தச் சேரை ஓரமா விடுங்க.”

தியேட்டருக்குப் போன் போட்டாள். உள்ளே ஸ்கூட்டர் பெண்ணின் வயிறு திறந்திருந்தது. பெரிய டாக்டரின் கை ரத்தத்தில் இருந்ததால், அங்கிருந்த நர்ஸ் போனை அவர் காதில் பிடித்தாள். சிஸ்டருக்கு அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. சிஸ்டர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“காலையில பிரிஞ்சுதுன்னு சொன்னது யாரு?”

“நான்தான் சார். தப்பு. அந்தம்மா சொன்னதை நான் கேக்கவே இல்ல. அவங்க பையன் சொன்னதைக் கேட்டுட்டுச் சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் ஒரு கத்தரி தட்டில் விழுகிற சத்தம் வந்தது.

“மூக்குல டியூப் போடுங்க. எக்ஸ்ரே எடுத்து இங்கயே அனுப்புங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

மூக்கு வழியாகக் குழாய் இறக்குவது பாஷை தெரிந்தவர்களுக்கே பெரும்பாடு. சிஸ்டர் தன் மூக்கைத் தொட்டு, தொண்டையைத் தொட்டு, வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். விழுங்குகிற மாதிரி செய்து காட்டினாள். குழாயை முதலில் அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டார். குழாய் உள்ளே போனதும் பச்சைத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. குழாயின் முனையில் மாட்டிய பை நிரம்பியது. வேறு பை மாட்டினாள். அதுவும் பாதி நிரம்பியது. ஹெட் சிஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல், தன் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்றாம் படுக்கையின் டியூபைத் தானே போய்ப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் மகன் வந்தான். கையில் மருந்துப் பை. முகத்தில் வீட்டுக்குப் போகிற சிரிப்பு. அம்மாவின் மூக்கில் தொங்குகிற குழாயைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு என்ன காரியம் செய்கிறீர்கள், நான் இல்லாத நேரம் பார்த்து யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று குரலை உயர்த்தினான். வார்டு ஆள் இடையில் வந்து நின்றார்.

சிஸ்டருக்குச் சுள்ளென்று ஏறியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“தம்பி, நீ லிஃப்ட் வேலைதானே பாக்கறே? ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவே? உள்ள ஆள் இருக்கு. மேல இருந்து பட்டனை அழுத்திட்டே இருப்பியா?”

அவன் மெதுவாக அம்மாவின் வயிற்றைப் பார்த்தான். அப்போதுதான் அது உப்பியிருப்பது அவன் கண்ணில் பட்டது. கையிலிருந்த மருந்துப் பை கீழே இறங்கியது.

எக்ஸ்ரே படம் வந்தது. குடலில் ஒரு வளையம் மடங்கி மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் பெண்ணின் ஆபரேஷனை முடித்துவிட்டு, அதே மேஜையில் இந்த அம்மாவை எடுப்பதாகப் பெரிய டாக்டர் சொல்லியனுப்பினார். அதற்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். சொல்ல அவன் ஒருத்தன்தான் இருக்கிறான்.

சிஸ்டர் அவனைக் கட்டிலின் இந்தப் பக்கம் நிறுத்தி, தான் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் விளையாட்டே இல்லை. நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்கிறேன், நீயும் அதையே சொல்ல வேண்டும், ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், வேறு எதையும் கேட்கவும் வேண்டாம் என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஜன்னலைப் பார்த்துச் சொல், ஆனால் சொல் என்றாள்.

அவன் ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னான். காது மடல் சிவந்துபோயிருந்தது. குடல் மாட்டியிருக்கிறது என்றான். மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டும் என்றான். குரல் ஓரிடத்தில் நின்று, தட்டுத்தடுமாறி, மறுபடி கிளம்பியது.

இந்தத் தடவை அந்த அம்மா பையைப் பார்க்கவில்லை. மகனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, நிதானமாக ஒரே ஒரு முறை தலையசைத்தார். அது வேறு மாதிரி தலையசைப்பு.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பையைக் காட்டி ஏதோ கேட்டார். மகன் எடுத்துக் கொடுத்தான். உள்ளே கைவிட்டுத் துழாவி, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு கம்பளிக் குல்லாயை எடுத்தார். மஞ்சள் நிறம், விளிம்பில் வெள்ளைக் கோடு. அதை மகனிடம் கொடுக்கவில்லை. சிஸ்டரின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார். தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது.

அதற்கப்புறம் வார்டு வார்டாகத்தான் இருந்தது. ஐந்தாம் படுக்கை அழுதது, போன் அடித்தது. ஸ்கூட்டர் பெண்ணுக்குக் கட்டில் இல்லை என்று ஆனதும், டீச்சர் தன் சாமான்களைத் தானே மூட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பித்தப்பை போய் எத்தனை நாளாச்சு, எனக்கெல்லாம் வீட்டிலேயே நல்ல படுக்கை இருக்கு, உங்க சாப்பாட்டைவிட என் மருமகள் சமையலே தேவலை என்றார். அவருடைய வாயிலிருந்து மருமகளைப் பற்றி நல்லதாக வந்த முதல் வார்த்தை அதுதான். சிஸ்டர் ஓடியபடியே இருந்தாள். சட்டைப் பையில் அந்தக் குல்லாய் இருந்தது. குனியும்போதெல்லாம் கை தானாகப் போய் அது இருக்கிறதா என்று பார்த்தது.

வெயில் இறங்குகிற நேரத்தில் பெரிய டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். குடல் கருக்க ஆரம்பித்திருந்தது, விடுவித்துவிட்டதும் நிறம் திரும்பிவிட்டது, வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை என்றார். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நாலு எட்டு போனவர் திரும்பி, நானும் அந்தப் போர்வையை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மகன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். செய்தியைச் சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்கும் அதே தலையாட்டல்தான், அம்மாவிடமிருந்து வந்தது.

சிஸ்டருக்கு ஷிப்ட் முடிந்துவிட்டது. காலையிலிருந்து அவனுக்காக மனசில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வரிசைகட்டி நின்றன. ஒரு தாயின் உயிரோடு விளையாடுவதா, வாய்க்கு வந்ததைச் சொல்வதா, என்னை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தாயே. எல்லாம் நியாயமான வார்த்தைகள்தான். பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால் இரண்டும் விண் விண்ணென்று தெறித்தது. சட்டைப் பையிலிருந்து குல்லாயை எடுத்து, இருவருக்கும் நடுவில் வைத்தாள். வார்த்தைகள் கலைந்து போய்விட்டன.

அவனே பேசினான். அவன் வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் இந்த மாதிரி சங்கதிகளைப் பேசிக்கொள்வதில்லையாம். தங்கை பிறக்கப்போகிறாள் என்பதைக்கூட அம்மா அவனிடம் சொல்லவில்லையாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தொட்டிலில் ஒரு குழந்தை இருந்ததாம், அவ்வளவுதான். அந்த அம்மாவிடம் போய், அதுவும் நாலு பெண்களுக்கு நடுவில் நின்று, நீங்கள் சொன்னதைக் கேட்க என் நாக்கு எழவில்லை சிஸ்டர் என்றான். அம்மாவுக்கு எதுவும் ஆகாது, இங்கிருந்து கிளம்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் என்றான்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றாள் அவள். நீங்கள் நிற்கவே இல்லையே என்றான் அவன். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான்.

சிஸ்டர் குல்லாயின் விளிம்பை விரலால் நீவிவிட்டாள். ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் எதையோ கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறான். அதற்குத்தான் அந்த அம்மாவின் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

“சரிப்பா, அதைக் கேக்கல. அப்போ ஒவ்வொரு தடவையும் அம்மாகிட்ட என்னதான் கேட்டே?”

அவன் குல்லாயை எடுத்தான். விரலை உள்ளே விட்டு அதன் வட்டத்தைச் சரிசெய்தான்.

“‘பேரனைப் பாக்கப் போலாமாம்மா’ன்னு கேட்டேன், சிஸ்டர்.”